பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 36 வயது. கோவையில் மென்பொருள் சோதனை வேலை. எனக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா இருந்தவரை தபால், கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் அவர்தான் பார்த்தார். அவர் போன பிறகு வந்த கவர்கள் பெரும்பாலும் பிரிக்கப்படாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடக்கின்றன. வங்கியில் பணம் இருந்தும் இரண்டு முறை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். வருமான வரியிலிருந்து 143(1) என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பயந்து இப்போது மின்னஞ்சலையே திறப்பதில்லை. அலுவலகத்தில் மென்பொருள் தானாக எழுதிவைக்கும் பதிவை (லாக்), அது ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தாலும், படித்து எங்கே பிழை என்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஒரு கவரைப் பிரிக்க முடியவில்லை. அண்ணன் சோம்பேறி என்கிறார். நான் ஓர் உதவாக்கரை என்று எனக்கே தோன்றுகிறது.

இதற்கு நல்ல செயலியோ ஃபைல் வைக்கும் முறையோ இருந்தால் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாமா? அண்ணன் சென்னையில் இருக்கிறார். பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்தால் அம்மாவின் வீடு உட்பட எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், தேவைப்பட்டால் சட்டப்படி கார்டியன் ஆகிவிடுவதாகவும் சொல்கிறார். நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. வேறு சமயமாக இருந்தால் நாலு வரியில் தனி மடல் போட்டிருப்பேன்.

முதலில் அந்த ‘உதவாக்கரை’. இனி எனக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சொல் வரக்கூடாது. லாகில் பிழை பிடிப்பதும் கவர் முன்னால் கை நின்றுபோவதும் ஒரே மூளையின் வேலைதான். டைனா மர்ரே, மைக் லெஸர், வென் லாசன் மூவரும் 2005-இல் ஆட்டிசம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆட்டிசம் உள்ளவரின் கவனம் ஒரு நேரத்தில் மிகச் சிலவற்றில் முழு வலுவோடு இறங்கும், அங்கிருந்து அதைப் பெயர்த்து இன்னொன்றில் வைக்கப் பெரும் பாடுபட வேண்டும் என்பது அவர்கள் வாதம். மோனோட்ரோபிசம் என்று இதைச் சொல்கிறார்கள். லாக் உங்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கவர்களோ ஒவ்வொன்றும் ஓர் இடத்திலிருந்து, ஒவ்வொரு நடையில், ஒவ்வொரு கெடுவோடு வருகின்றன. பிரித்தால் வாசிக்க வேண்டும். வாசித்தால் என்னதான் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு யாருக்கோ போன் போட வேண்டும், அவர் “அது அடுத்த செக்‌ஷன் சார்” என்பார். இத்தனையும் கவரைத் தொட்ட உடனே உங்கள் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தால் உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்களும் அதையே திருப்பிச் சொல்லாதீர்கள்.

செயலி, ஃபைல் எதுவும் வேண்டாம். கலர் கலராக ஃபைல் வாங்கி அடுக்குவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், வாளி அப்படியே இருக்கும். வங்கியிலிருந்து தானாகக் கட்டப்படும் வசதி எந்தெந்த பில்லுக்கு உண்டோ அதையெல்லாம் அதில் போட்டுவிடுங்கள். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் இப்படிப் போகும் தொகைக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்பதில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவலும் வந்துவிடும்.

143(1)-க்காக இத்தனை நாள் பயந்தீர்களா? ரிட்டர்ன் போட்டவருக்கு ‘உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டோம்’ என்று வரும் தகவல் அது. நீங்கள் காட்டிய தொகை ஒரு பத்தியில், அவர்கள் போட்ட தொகை பக்கத்துப் பத்தியில். இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் செய்ய ஒன்றுமே இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு பாக்கி அல்லது எவ்வளவு திரும்ப வரும் என்று கீழே இருக்கும். கோப்பைத் திறக்கக் கடவுச்சொல், உங்கள் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து அதை ஒட்டிப் பிறந்த தேதி, மாதம், வருடம். அவசரம் காட்ட வேண்டியது 139(9) என்று வந்தால். ரிட்டர்னில் குறை இருக்கிறது, 15 நாளில் சரிசெய் என்று அர்த்தம்.

அட்டை வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சலுகைகள் பலவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். வருமான வரியில் மாற்றுத்திறனாளிக்கான கழிவு (1961 சட்டத்தில் 80யு) 75,000 ரூபாய். ஆட்டிசத்துக்குத் தனிப் படிவத்தில் மருத்துவர் சான்று கேட்பார்கள், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். உங்களுக்கு லாபமா என்று ஆடிட்டர் சொல்லட்டும். படிவம் என்றால் உறைந்துபோகிற ஒருவர் தனக்கு அது கஷ்டம் என்று நிரூபிக்கவே படிவம் படிவமாக நிரப்ப வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

என் சித்தப்பா தென்காசியில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. எந்த வருடம் எந்த மாதம் மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் ஏட்டைப் பார்க்காமல் சொல்லுவார். அதே மனிதர் தனக்கு வரும் தபாலைத் தொடமாட்டார். எல்ஐசி நோட்டீஸ், கூட்டுறவு வங்கிக் கடிதம், கிஸ்தி (நிலவரி) கட்டச் சொல்லி வரும் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் போகும். வீட்டில் இதைப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு என்ன இருந்தது என்று இன்று நான் பெயர் வைக்கப்போவதில்லை. அப்படி ஒரு பெயர் இருப்பதே அன்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு வழி இருந்தது. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் ஒரு பெஞ்சு, ஒரு பழைய டைப்ரைட்டர், மனு எழுதும் அண்ணாச்சி ஒருவர். மாதச் சம்பளம் வந்ததும் சித்தப்பா பையை எடுத்துக்கொண்டு அவரிடம் போவார். சின்னப் பிள்ளையில் நானும் கூடப் போயிருக்கிறேன். அண்ணாச்சி ‘ஏன் பிரிக்கலை’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரே கவரைக் கிழிப்பார், மனதுக்குள் வாசிப்பார், பிறகு மூன்றே விஷயம் சொல்லுவார்: யார் எழுதியிருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், என்றைக்குள். மிச்சம் இருக்கும் மிரட்டல், சட்டப்பிரிவு, ‘தவறும் பட்சத்தில்’ எதையும் வாய்விட்டு வாசிக்கமாட்டார். “இது கிஸ்தி. ரூவா கட்டணும். பங்குனிக்குள்ள.” அவ்வளவுதான். பதில் எழுத வேண்டுமென்றால் எழுதி, சித்தப்பாவை வாசிக்கச் சொல்லி, அதன் பிறகே பேனாவைக் கையில் கொடுப்பார். எழுதாத தாளில் ஒரு நாளும் கையெழுத்து வாங்கியதில்லை. சித்தப்பா ஒருமுறை, வேலை சுருக்கமாகும் என்று, அவராகவே வெற்றுத்தாளில் போட்டு நீட்டினார். அண்ணாச்சி அதை நாலாகக் கிழித்தார். “மொதல்ல எழுதுவோம். பொறவு நீரு படிச்சுப் பாத்துப் போடும்” என்றார். தபால்பெட்டியில் போடுவது சித்தப்பாவின் வேலை. கூலி இரண்டு ரூபாய்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த பெஞ்சுக்கு வந்தார்கள், பள்ளிக்கூட வாத்தியார்களும் வந்தார்கள். யாரும் யாரையும் ஏளனமாகப் பார்த்ததில்லை. காகிதம் என்றால் கூட ஓர் ஆள் வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். இன்றைக்கும் இ-சேவை மையத்தில் போய்ப் பாருங்கள். வாரிசுச் சான்றுக்கு, வருமானச் சான்றுக்கு என்று பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் பெண் கேட்டுக் கேட்டு நிரப்பித் தருகிறாள். அவர்களை யாராவது உதவாக்கரை என்கிறார்களா?

அண்ணாச்சி வயதாகி மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். “இனிமே எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, சித்தப்பாவுக்கும்தான். உங்கள் கடிதத்தில் ‘நிம்மதி’யைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் பையை வாங்கிக்கொண்டார். எதையும் வாசித்துக் காட்டியதில்லை, இங்கே போடு அங்கே போடு என்று விரலால் காட்டுவார். சில வருடம் கழித்துக் குளத்தடி வயலுக்குக் கிஸ்தி ரசீது வேறு பெயரில் வந்தது. சித்தப்பா ஏமாளி என்று ஊர் சொன்னது. அத்தனை மூட்டைக் கணக்கையும் மனதில் வைத்திருந்தவர் அவர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது ஒருவர் மூன்று வரியில் சொல்லியிருந்தால் அந்த வயலை விட்டிருக்கமாட்டார்.

உங்கள் அண்ணனை அந்த ஆளோடு சேர்க்கவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவருக்கும் நான் இதையே சொல்வேன். உதவி செய்கிறவர் உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் நாற்காலியில் உட்காரக்கூடாது.

2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள், அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொத்து வைத்துக்கொள்ளவும், வாரிசாகப் பெறவும், தன் பண விவகாரத்தைத் தானே நடத்தவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது. உதவுகிறவர் தன் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தக்கூடாது, உதவி பெறுபவரின் சுயாதீனத்தையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. உதவி ஏற்பாடு பிடிக்காவிட்டால் அதை மாற்றலாம், கலைக்கலாம், வேறு ஆளைத் தேடலாம். இன்னொன்றும் சொல்கிறது: ஒரு பணப் பரிவர்த்தனையிலோ சொத்து விஷயத்திலோ உதவுகிறவருக்கும் உங்களுக்கும் நலன் மோதினால், அந்த ஒரு விஷயத்தில் அவர் விலகி நிற்க வேண்டும். அம்மாவின் வீட்டில் உங்கள் இருவருக்கும் பங்கு இருக்கிறது. அந்த வீட்டைப் பொறுத்தவரை அண்ணன் உங்கள் சார்பில் பேனாவைத் தொடக்கூடாது. அவரை நம்புவதோ சந்தேகிப்பதோ இதில் வரவே இல்லை.

பொது அதிகாரப் பத்திரத்தில் ‘விற்க’ என்று ஒரு வார்த்தை இருக்கலாம். அந்த வார்த்தை இருந்தால் உங்களைக் கேட்காமலே வீடு கைமாறலாம். கார்டியன் விஷயம் இன்னும் மோசம். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது தாண்டிய ஆட்டிசம் உள்ளவருக்குக் கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. வேலைக்குப் போய், சம்பாதித்து, எனக்கு இவ்வளவு தெளிவாகக் கடிதமும் எழுதுகிற நீங்கள் எதற்கு அந்தக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும்? கவர் பிரிக்க முடியவில்லை என்பதற்காக ஒரு மனிதன் தன் கையெழுத்தையே எழுதிக் கொடுப்பானா? 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவுகூட, பொதுவாக, குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, உங்களோடு கலந்து முடிவெடுக்கும் காப்பாளரைப் பற்றித்தான் பேசுகிறது. அதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

உங்களுக்குத் தேவை ஓர் அண்ணாச்சி. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் யாராவது உங்கள் தெருவிலேயே இருப்பார். அலுவலகத்தில் ஒரு நண்பர் இருக்கலாம், வீடியோ அழைப்பில் எதிரே உட்கார்ந்திருந்தாலும் போதும். உங்களைப் போன்றவர்கள் பலர் இப்படி ஓர் ஆளை அருகில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். காசு கொடுங்கள். ஓசி உதவிக்குப் பின்னால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். கவரை அவர் பிரிக்கட்டும், மூன்று விஷயம் மட்டும் சொல்லட்டும், கடவுச்சொல்லும் கையெழுத்தும் உங்களிடமே இருக்கட்டும். வாளியின் அடியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மேலே இருப்பதுதான் புதியது, கெடு மிச்சமிருப்பது. கரண்ட் பில், வீட்டு வரி, இன்ஷூரன்ஸ் மூன்றும் முதல் நாளில் முடியட்டும். வாரிசுச் சான்று எடுத்த பிறகு இணைப்பையும் வரியையும் பெயர் மாற்றலாம், அதற்கு ஒன்றும் தீப்பிடிக்கவில்லை. அம்மாவின் வங்கிக் கணக்கு இரண்டு வருடம் அசையாமல் கிடந்தால் செயலற்றது என்று குறித்துவிடுவார்கள். பணம் எங்கும் போகாது, பத்து வருடம் தாண்டி ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாறினாலும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம்.

அண்ணனிடம் ஏற்கெனவே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பதிவு செய்த அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம், செய்ததை அண்ணனுக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பதிலை அண்ணனுக்கும் அனுப்புங்கள். அவருக்குக் கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்