வில்லியா கண் முழிச்சா என்ன பண்ணுவீங்க? – கேள்வி பதில்

சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸிலும் ராத்திரியிலும் நான் படித்ததில் பாதிக்கு மேல் ‘வில்லியாக மறுபிறவி’ எடுக்கும் காதல் காமிக்ஸ்தான். போன ஞாயிறு ஏற்காட்டில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியபோது சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் இவை. நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

ஒண்ணுகூடப் படிச்சதில்லைங்க அக்கா. கதைதான் என்ன? (அஸ்தம்பட்டி)

நம்ம காலத்துப் பெண் ஒருத்தி லாரியில் அடிபட்டோ, ஆபீஸில் உழைத்து ஓய்ந்தோ செத்துப்போகிறாள். கண் விழித்தால், தான் படித்த நாவலுக்குள்ளோ விளையாடிய காதல் கேமுக்குள்ளோ இருக்கிறாள். அதுவும் கதாநாயகியாக இல்லை. இளவரசனுக்கு நிச்சயமாகி, நல்ல பெண்ணைப் படுத்தி எடுத்து, கடைசியில் நாடு கடத்தப்படவோ தலை வெட்டுப்படவோ போகிற வில்லியாக! முடிவு தெரியும், தப்பிக்கணும். ஜப்பானிய இணைய நாவல்களில் பரவிய இந்தச் சரக்கு, கொரியாவில் ஃபோனில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படிக்கும் வண்ணப் படக்கதையாகப் பெருகிவிட்டது. கொரியாவில் மூன்று வகை பிரிப்பார்கள்: மறுபடி பிறப்பது, தன் பழைய வயசுக்கே திரும்புவது, இன்னொருத்தி உடம்பில் புகுவது. மூன்றாவதற்கு நம்மிடம் எப்போதோ பேர் இருக்கிறது, கூடு விட்டுக் கூடு பாய்தல்.

சீரியல் வில்லியைப் பார்த்தா எரிச்சல்தான் வருது. இவளை மட்டும் எப்படிப் பிடிக்குது? (சூரமங்கலம்)

சீரியல் வில்லி என்ன செய்யப் போகிறாள் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத்தான் தன் கதி தெரியாது. இங்கே அவளுக்கும் தெரியும். அங்கேதான் ருசி.

இது நமக்குப் புதுசும் இல்லை. குண்டலகேசியை எடுத்துக்கோங்க. காதலித்துக் கட்டின கள்வனே மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். வலம் வருகிறேன் என்று பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள். 1950-ல் நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரி குமாரி’ என்று எடுத்தது அந்தக் கதையைத்தான். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் பழைய வாசல் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான். கணவன் பக்கமிருந்து சொன்னால் அவள் புருஷனைக் கொன்றவள். அவள் பக்கமிருந்து சொன்னால் உயிர் பிழைத்தவள். நல்ல வில்லி காமிக்ஸ் கேட்பதும் இதுதான்: இவளை வில்லி என்று முதலில் சொன்னது யார்?

கெட்டதும் இங்கேதான் தொடங்கும். முப்பது எபிசோடு தாண்டியதும் பழைய கதாநாயகி, அந்தச் சாதுப் பெண், உள்ளுக்குள் விஷம் என்று காட்டிவிடுவார்கள். முத்திரை அழியவில்லை பாருங்க, இவள் நெற்றியிலிருந்து அவள் நெற்றிக்குப் போய்விட்டது. எழுதினவருக்கு யாராவது ஒருத்தியைத் திட்டியே ஆகணும்.

நான் காபித் தோட்டத்துல மேஸ்திரி மகன். அந்தக் கதைகள்ல எப்பவும் டீ பார்ட்டிதான். டீயை யார் பறிக்கிறாங்க? (ஏற்காடு)

தம்பி, அன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்தார் என்று ஊரே சொல்லும். மூட்டை சுமந்தவர் பேரை யாராவது சொல்வார்களா? அந்தப் பிரபு மாளிகைகளும் அப்படித்தான். சர்க்கரை வரும், பட்டு வரும், வயல் மட்டும் எந்தக் கட்டத்திலும் வராது.

இன்னொன்று. நிறையக் கதைகளில் ஆரம்பத்தில் ஒரு காட்சி உண்டு. திமிர் பிடித்த பணிப்பெண் கெட்டுப்போன சாப்பாட்டை வைப்பாள், நம்ம ஆள் அவளை ஓங்கி ஒரு அறை விடுவாள், நாமும் ‘அப்படிப் போடு’ என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். போன ஜென்மத்தில் மேனேஜரிடம் திட்டு வாங்கியே செத்தவள் நம்ம ஆள். மாளிகை கிடைத்த மூன்றாம் நாள் கை ஓங்குகிறாள், கதையும் கைதட்டுகிறது. பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்புப் பொடி வைக்கிற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் அந்தக் காட்சியைப் படித்தேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த உடம்புக்குச் சொந்தக்காரி எங்கே போனா? (அம்மாபேட்டை)

பாதிக் கதைகளில் யாரும் கேட்பதே இல்லை. திருமூலர் கதையில் மூலன் என்ற இடையன் செத்துக்கிடக்கிறான், பசுக்கள் அழுகின்றன, யோகி அந்த உடம்பில் புகுகிறார். சாயங்காலம் மூலன் மனைவி கூப்பிட வரும்போது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிவிடுகிறார். அந்த நாணயம் நம்ம காமிக்ஸ் நாயகிக்கு இல்லை. செத்தவளின் அப்பா, அண்ணன், நிச்சயித்தவன், நகைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாள். அழ ஒரு பசுகூடக் கிடையாது.

ஆரம்பம் அமர்க்களம், போகப்போகச் சவசவன்னு ஆகுதே? (ஐந்து ரோடு)

வியாபாரம்ங்க. பெரும்பாலும் முதலில் நாவல், ஓடினால் காமிக்ஸ். காத்திருந்தால் இலவசம், இப்பவே வேணும்னா காசு என்று விற்கிறார்கள். அதனால் ஒவ்வொரு எபிசோடும் அந்தரத்தில் தொங்கி முடியணும். கதையின் ஒரே உந்துதல் சாவுப் பயம். அது தீர்ந்த பிறகும் எபிசோடு தீராது. அப்புறம் புது எதிரி, கடத்தல், கல்யாணம், குழந்தை. நான் தலை தப்பியதும் நிறுத்திவிடுவேன்.

ஆண்கள் எல்லாருக்கும் ஒரே முகம்? (பேர் இல்லை)

முடியின் நிறத்தைப் பாருங்க. கறுப்பு முடி என்றால், கதைக்குக் கதை வருகிற அந்த வடக்குச் சீமைப் பிரபு.

எட்டாவது படிக்கிற மகள் படிக்கிறா. விடலாமா? (ஏற்காடு)

தலைப்பை வைத்து முடிவு பண்ணாதீங்க அம்மா. வயசு வரம்பு போட்டிருக்கும், பாருங்க, அவளோடு பத்து எபிசோடு நீங்களும் படிங்க. கத்தியைக் கழுத்தில் வைத்தவனே நாற்பதாம் எபிசோடில் காதலன் ஆகும் கதைகள் நிறைய. அழகாக வேற வரைந்திருப்பார்கள். ‘இவன் அழகாயில்லைன்னா மன்னிப்பியா?’ என்று சும்மா கேளுங்க. என் அக்கா மகளிடம் கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எதுல ஆரம்பிக்கலாம்? (அஸ்தம்பட்டி)

கட்டரினா க்ளேஸ் என்ற வில்லியின் கதையில், ஆங்கிலத்தில் ‘மை நெக்ஸ்ட் லைஃப் அஸ் எ வில்லனஸ்’. அனிமேவாக, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராக, 2020-ல் வந்தது. எட்டு வயசில் தலையில் அடிபட்டுப் போன ஜென்மம் ஞாபகம் வருகிறது. நாடு கடத்தினால் பிழைக்கணுமே என்று மாளிகைத் தோட்டத்தில் காய்கறி போடுகிறாள். பழிவாங்கல் கிடையாது. மண்வெட்டி பிடிக்கும் வில்லியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நீங்களே ஒண்ணு எழுதலாமே அக்கா? (ஏற்காடு)

எழுதினேன், நாலு அத்தியாயம். பட்டறை முதலாளி மகளாகக் கண் விழிக்கிறாள். ஐந்தாவதில் வேலைக்காரப் பெண் வாயைத் திறந்தாள். இன்னும் மூடவில்லை, நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.