ஆர்டர் எங்கே போச்சு?

கேள்வி: கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறேன். நெட் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியே தந்த இமெயில் முகவரியைத்தான் பில் புக் வரைக்கும் அச்சடித்திருக்கிறேன். புதுப் பார்ட்டிகள் அனுப்பும் ஆர்டர் வருவதே இல்லை. அவுட்லுக்கில் ஜங்க் ஃபோல்டரையும் பார்த்துவிட்டேன். கஸ்டமர் கேரில் கேட்டால், ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்கிறார்கள்.
- வத்தல் வியாபாரி, மதுரை

பதில்: மோடத்தை விடிய விடிய அணைத்துப் போட்டாலும் அந்த ஆர்டர் வராது, அண்ணாச்சி. உங்கள் அவுட்லுக் அநேகமாக பாப்3 முறையில் மெயிலை இறக்குகிறது. பாப்3க்கு இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியும். கம்பெனி சர்வர் ஸ்பேம் என்று ஒதுக்கியது சர்வரிலேயே கிடக்கும். பார்சல் லாரி ஷெட்டில் கிடக்க, கடைப் பையன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு ‘வரலை மொதலாளி’ என்கிற கதைதான். நீங்கள் பார்த்த ஜங்க் ஃபோல்டர், அவுட்லுக் தன் பங்குக்கு ஒதுக்கியது. அது வேறு, இது வேறு.

முதலில் பிரவுசரில் கம்பெனியின் வெப்மெயிலைத் திறந்து ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஜிமெயிலில் ஸ்பேம் 30 நாளில் தானாக அழிந்துவிடும். உங்கள் கம்பெனி எத்தனை நாள் வைத்திருக்குமோ! ஆர்டர் கண்ணில் பட்டால் ‘நாட் ஸ்பேம்’ கொடுத்து, அந்த முகவரியை காண்டாக்ட்ஸில் சேருங்கள்.

பிறகு ஐமேப்புக்கு (மெயிலை சர்வரிலேயே வைத்து எல்லா ஃபோல்டரையும் காட்டும் முறை) மாறுங்கள்: போர்ட் (வாசல் எண்) 993, எஸ்எஸ்எல் (பூட்டிய இணைப்பு). ஸ்பேம் ஃபோல்டரும் கடையிலேயே தெரியும். ஆனால் அவுட்லுக்கில் இருக்கும் பழைய கணக்கை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். இதுவரை இறங்கிய மெயில் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கக்கூடும்.

புதுப் பார்ட்டி மட்டும் ஏன் மாட்டுகிறார்? முன்பின் பழகாத முகவரி, கூடவே ஒரு ஜிப் ஃபைல். அவர் டொமைனில் (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று, மெயில் போலியல்ல எனக் காட்டும் அத்தாட்சிகள் இரண்டும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். தனக்கு மெயில் அனுப்புகிற எவருக்கும் இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்று ஜிமெயிலே 2024 பிப்ரவரியில் கறார் செய்துவிட்டது.

அடுத்த பில் புக் அடிக்கும்போது சொந்த டொமைனில் ஒரு முகவரி போடுங்கள். முகவரிக்காகவே இந்தக் கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

கேள்வி: திருமங்கலத்தில் புது கனெக்‌ஷன் போட்டதிலிருந்து மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறது. ஏன்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: அவுட்கோயிங் போர்ட் 25 என்று இருக்கும், டீச்சர். 587 என்று மாற்றி, ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் முறை) தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பாமலிருக்கத்தான் 25ஐ அடைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கம்பெனிக்காரன் கட்சி.