தோட்டத்து வீட்டிலிருந்து படம் அனுப்பலாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகர்): ஐயா, அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலி உரிமம் பெற்று, ஈப்போவிலுள்ள நண்பருடன் நான்கு ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். குரலோடு நில்லாமல் படமும் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. டிஜிட்டல் தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டருக்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் எனக்கு அது கட்டுப்படியாகுமா?

பதில்: கட்டுப்படியாகும். படத்தைச் சுருக்குவதற்கு ஒரு பெட்டி, சுருக்கிய தரவை அலையில் ஏற்றுவதற்கு ஒரு பெட்டி, அந்த அலையை வேண்டிய அதிர்வெண்ணுக்கு உயர்த்துவதற்கு இன்னொரு பெட்டி என்று தனித்தனியாக வாங்க வேண்டியிருந்த காலத்தின் விலையைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலைகளில் பெரும்பகுதி பின்னர் மென்பொருளுக்குள் போய்விட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் அமெச்சூர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கிய 'டேட்வி எக்ஸ்பிரஸ்' என்ற பலகை, கணக்குப் போடும் வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு, அலையை உருவாக்கும் பொறுப்பை மட்டும் தான் ஏற்றுக்கொண்டதால், ஏறத்தாழ 300 அமெரிக்க டாலருக்குக் கிடைத்தது. அதையடுத்து, 1949-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் அமெச்சூர் தொலைக்காட்சிக் கழகத்தினர் 'போர்ட்ஸ்டவுன்' திட்டத்தில் பெரிய கணினிக்குப் பதிலாக 'ராஸ்பெர்ரி பை' என்ற, உள்ளங்கை அளவேயான குட்டிக் கணினியை வைத்தார்கள். கேமராவும் தொடுதிரையும் அதனுடன் நேராக இணைகின்றன. அலையை உருவாக்க லைம் எஸ்டிஆர் மினி அல்லது புளூட்டோ என்ற சிறு பலகை போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புதியது நல்லது என்று எண்ணி ராஸ்பெர்ரி பை 5-ஐ எடுத்துவிடாதீர்கள். எச்.264 முறையில் படத்தைச் சுருக்கும் வன்பொருள் பை 4 வரைதான் இருந்தது. 5-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. இந்த வேலைக்கு, யாரோ பயன்படுத்திவிட்டு விற்கும் பை 4 புதிய 5-ஐவிட மேலானது.

இனி அலைவரிசை. அமெச்சூர்களுக்கான 70 சென்டிமீட்டர் பட்டையில் 430 முதல் 440 வரை மொத்தமே 10 மெகாஹெர்ட்ஸ் இடம்தான் உண்டு. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியுடன் நம் நாட்டில் முடிவுக்கு வந்த பழைய அனலாக் தொலைக்காட்சியின் ஒரே ஒரு யூஎச்எஃப் அலைவரிசைக்கு 8 மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. துணைக்கோள் தொலைக்காட்சிக்கான டிவிபி-எஸ் முறையில், ஒவ்வொன்றும் இரண்டு பிட் சுமக்கும் குறிகளை விநாடிக்கு 3,33,000 வீதம் அனுப்பினால், 0.45 மெகாஹெர்ட்ஸ் இடத்திலேயே முழுப்படமும் ஒலியும் அடங்கிவிடும். பாதியைப் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கிய பிறகும் விநாடிக்கு ஏறக்குறைய 307 கிலோபிட் மிஞ்சும். கோயில் திருவிழாவில் காவடி ஆடிவருவதைக் காட்டினால் படம் சற்றுக் குழம்பும். நண்பரின் முகத்தையும், அவர் மேசைமேல் பிரித்து வைத்திருக்கும் சர்க்யூட்டையும் தெளிவாகவே காட்டும்.

இத்தனையும் மலிவாகிவிட்ட நிலையில், மலிவாக்க முடியாதவை இரண்டு உள்ளன. அவற்றில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஒன்று ஃபில்டர். லைம், புளூட்டோ போன்ற பலகைகள் நாம் கேட்ட அதிர்வெண்ணை மட்டுமல்லாமல் அதன் மடங்குகளையும் சேர்த்தே வெளியிடும். நீங்கள் 437 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால், அதன் இருமடங்கு 874. அது கைப்பேசிக் கோபுரங்களின் அலைவரிசைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே ஃபில்டர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரை இணைப்பது, அண்டை வீட்டாருக்கும் தொடர்பு ஆணையத்துக்கும் நாம் செய்யும் அநியாயம். மற்றொன்று ஆம்ப்ளிஃபையரின் நிதானம். குரலுக்கான எஃப்எம் கருவிகளில் 30 வாட் தரும் தொகுதியை அதே 30 வாட்டுக்கு ஓட்டினால், அலையின் இருபுறமும் தோள்கள் போலக் கழிவு எழுந்து பக்கத்து அலைவரிசைகளில் கொட்டும். அதே தொகுதியை 5 அல்லது 6 வாட்டோடு நிறுத்துங்கள். அந்த 5 வாட்டும், ஒரு திசையை நோக்கி அனுப்பும் நல்ல யாகி ஆண்டெனாவும் உங்களுக்குப் போதும்.

செய்யும் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். முதலில் ரிசீவரை அமையுங்கள். மினிடியூனர் என்ற சிறு ரிசீவரை யூஎஸ்பி வழியாகக் கணினியில் மாட்டினால், வரும் சிக்னலின் தரத்தை அது எண்ணாகவே காட்டும். டிரான்ஸ்மிட்டரின் முனையில் ஆண்டெனாவுக்குப் பதில், அலையை வெளியே விடாமல் உள்வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு போட்டு, மேசைமேலேயே அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பிறகு கூரைக்கு ஏறுங்கள். உங்கள் ஊருக்கும் ஈப்போவுக்கும் இடையில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் அலையை மறைக்கும் என்றாலும், சில வேளைகளில் ஆண்டெனாவைக் குன்றின் பக்கமே திருப்பினால் அதன் பாறைமுகத்தில் பட்டுத் திரும்பும் அலையே படத்தைக் கொண்டு சேர்த்துவிடும். இருவரும் பேசிக்கொண்டே மெல்லத் திருப்பிப் பாருங்கள். அதற்கு முன்பு, உங்கள் வகுப்பு உரிமத்தின் நிபந்தனைகளில் காட்சி அனுப்பவும் இடமிருக்கிறதா என்பதை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி (பாகான் செராய் வாசகர்): வீட்டில் பழைய ஆஸ்ட்ரோ தட்டும், இலவச அலைவரிசைகளுக்கான துணைக்கோள் பெட்டியும் சும்மா கிடக்கின்றன. இவை உதவுமா?

பதில்: பெட்டி உதவும். துணைக்கோள் பெட்டியின் டியூனர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால், 1260-க்கு மேலுள்ள அமெச்சூர் பட்டையில் நண்பர் விநாடிக்கு 20 லட்சம் குறிகள் அளவில் அனுப்பினால், பெரும்பாலான பெட்டிகளே படத்தைக் காட்டிவிடும். ஆனால், தட்டின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்காக இந்தப் பெட்டி கேபிள் வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலே அனுப்பும். அதைத் தடுக்காமல் ஆண்டெனாவை நேராக மாட்டி, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பற்றவைத்த முன்பெருக்கி (ஆண்டெனா சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்யூட்) கண்ணெதிரே கருகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இடையில், மின்சாரத்தை நிறுத்தி சிக்னலை மட்டும் விடும் டிசி தடுப்பான் ஒன்றைப் போடுங்கள்.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் துணைக்கோளிலுள்ள கியூஓ-100 அமெச்சூர் தொலைக்காட்சிப் பாதையைப் பார்க்க அந்தத் தட்டு போதாது. அது நிற்பது கிழக்கு 26 பாகையில். பேராக்கிலிருந்து பார்த்தால் மேற்கு அடிவானத்துக்கு மேல் ஆறு பாகைதான். உங்கள் வீட்டுக்கு மேற்கே செம்பனை நின்றால் மரத்தைத்தான் பார்ப்பீர்கள். கடல் தெரியும் இடமும் பெரிய தட்டும் இருந்தால் முயலலாம்.

கேள்வி (பீடோர் வாசகர்): 437 மெகாஹெர்ட்ஸில் நண்பர் அனுப்பும் படம் பகலில் நன்றாக வருகிறது. மாலையில் மழை பெய்தவுடன் உறைந்து, பிறகு முற்றிலும் மறைந்துவிடுகிறது. பழைய அனலாக் போலப் புள்ளிகளோடாவது வரக்கூடாதா?

பதில்: வராது. பிழைதிருத்தம் தாங்கும் எல்லைவரை டிஜிட்டல் படம் பளிச்சென்று இருக்கும். எல்லையை ஒரு டெசிபெல் தாண்டினால் ஒன்றுமே இராது. நீங்கள் பகலிலேயே அந்த விளிம்பில்தான் நின்றிருக்கிறீர்கள். 437 மெகாஹெர்ட்ஸை மழைத்துளி தடுப்பதில்லை. நனைந்த ஓலைகள் சிறிது விழுங்கும். என் சந்தேகமெல்லாம் கேபிள் இணைப்பின் மேல்தான். ஆண்டெனா முனையிலுள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியைச் சுற்றியுள்ள செம்பு வலை பச்சை பூத்திருந்தால், தண்ணீர் உள்ளே போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்று பொருள். அந்தப் பச்சை எதுவரை போயிருக்கிறதோ அதுவரை வெட்டிவிட்டு, புதிய கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதும் ரிசீவரில் தர எண் எல்லைக்கு மேல் மூன்று, நான்கு டெசிபெல் காட்டவில்லை என்றால், நண்பரிடம் பிழைதிருத்தத்தை 7/8-இலிருந்து (எட்டில் ஒரு பங்கு மட்டும் பிழைதிருத்தத்துக்கு) 1/2-க்கு (பாதி பிழைதிருத்தத்துக்கு) மாற்றச் சொல்லுங்கள்.