திருப்பிப் பார்க்கும் கைகள்

அன்புள்ள ஐயா,

பழைய கைக்கடிகாரப் பற்சக்கரம், சாவி, பொத்தான், கடல் தேய்த்த கண்ணாடித் துண்டு என்று கிடைத்ததை வைத்துக் காதணியும் பதக்கமும் செய்கிறேன். இரண்டு கலைச்சந்தைகளில் மேசை போட்டேன். நிறைய பேர் நிற்கிறார்கள், எடுக்கிறார்கள், திருப்பிப் பார்க்கிறார்கள், "அழகா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். விலையைக் குறைக்கட்டுமா? பொருள் எனக்குச் சும்மாதானே கிடைக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விலையில் கைவைக்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: திருப்பிப் பார்க்கிறார்கள். முன்பக்கம் அவர்களை நிறுத்துகிறது. பின்பக்கத்தில் வழிந்து காய்ந்த பசையோ, பிசிறு நீட்டிய கம்பி முனையோ, வாய் மூடாத வளையமோ கண்ணில் பட்டால் வாங்கும் ஆசை அங்கேயே நின்றுவிடும். ஏற்கெனவே யாரோ வேண்டாம் என்று போட்ட பொருள் இது. அதனால் உறுதியாக இருக்குமா என்ற சந்தேகம் கூடுதலாகவே இருக்கும்.

முதலில் வளையம். பதக்கத்தைச் சங்கிலியோடும் காதணியைக் கொக்கியோடும் சேர்க்கும் இணைப்பு வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்து விரித்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் இடைவெளி நிற்கும். இரண்டு தட்டைமூக்குக் குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்பித் திறக்க வேண்டும். மூடுவதும் அப்படியே, முனைகள் உரசுவது கையில் தெரியும்வரை. சாவி போன்ற கனமான பதக்கத்துக்கு 1 மி.மீ. கம்பி வளையம் வேண்டும், காதணிக்கு 0.8 மி.மீ. போதும். தையல் நூலை உள்ளே கோத்து, வளையத்தைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். நூல் நழுவி வந்தால் மெல்லிய சங்கிலியும் நாளைக்கு வந்துவிடும்.

துளை போட முடிகிற இடத்தில் பசையே வேண்டாம். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ காய்ந்தபின் நொறுங்கும் தன்மை கொண்டது, சுற்றிலும் வெள்ளைப் படலமும் விடும். பசை தவிர்க்க முடியாவிட்டால், இரண்டு டியூப்பில் வரும், கலந்து பூசும் எபாக்சி பசை. வழவழப்பான உலோகத்தை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். கண்ணாடிக்கு வைரத்தூள் பூசிய 2 மி.மீ. துளைமுனை. துண்டு தண்ணீரில் மூழ்கியிருக்க, கையில் பிடித்து வேலைசெய்யும் சிறு டிரில்லைக் குறைந்த வேகத்தில், அழுத்தாமல் ஓட்டுங்கள். பாதி வந்ததும் திருப்பி மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே பக்கமாகப் போனால் முனை வெளியேறும் இடத்தில் சில்லு பெயரும்.

காதில் நுழையும் கொக்கி மட்டும் கண்டெடுத்ததாக இருக்கக் கூடாது. அதில் நிக்கல் கலந்திருந்தால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காதுத் துளை புண்ணாகிவிடும். துளைக்குள் செல்லும் பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. டைட்டானியம் அல்லது நியோபியம் கொக்கி வாங்கிப் போடுங்கள்.

கைக்கடிகாரம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1910களிலிருந்து 1960கள்வரை இருட்டில் ஒளிரும் முகப்புகளுக்கும் முட்களுக்கும் கதிரியக்கம் உள்ள ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். இன்று அது ஒளிராததால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். தேய்ந்துபோனது ஒளிதரும் துத்தநாக சல்பைடு மட்டுமே, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். பெயிண்ட் துகள் உள்ளே உதிர்ந்து பற்சக்கரங்கள் மீதும் படிந்திருக்கலாம். எண்களில் பழுப்பேறிய தடித்த பூச்சு உள்ள பழைய கடிகாரத்தைத் திறக்கவே திறக்காதீர்கள்.

பொருள் சும்மா கிடைக்கிறது என்கிறீர்கள். தேடியது, கழுவியது, துரு எடுத்தது, ஒரு காதுக்கு ஒத்த இன்னொன்றைப் பொறுக்கியது, இவற்றுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். செய்த நேரத்தைவிட அது அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மேசை வாடகையையும் சேருங்கள். 60 உருப்படி கொண்டுபோனால் வாடகையை 60ஆல் வகுப்பது தவறு, சென்ற முறை விற்ற எண்ணிக்கையால் வகுங்கள். பலர் நஷ்டப்படுவது இந்த ஒரு கணக்கில்தான்.

விலை ஒவ்வொன்றிலும் தெரியட்டும், கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுவார்கள். காதணி அட்டையில் "கைக்கடிகாரச் சக்கரம், பித்தளை, கொக்கி டைட்டானியம்" என்று ஒரு வரி எழுதுங்கள். மேசையில் பரப்பாமல் கண்ணுக்கு அருகே உயர்த்தித் தொங்கவிடுங்கள். திறந்தவெளியானால் தாங்கியின் அடியில் கனம் வையுங்கள், ஒரு காற்றில் மொத்த வரிசையும் சாயும். முகம் முழுதும் தெரிகிற கண்ணாடி ஒன்று கட்டாயம்.

இரண்டு குறடுகளும் கொஞ்சம் வளையங்களும் காது குத்தாதவர்களுக்கான கிளிப்புகளும் கையருகே இருக்கட்டும். யாராவது கொக்கியை மாற்றித் தரச் சொன்னால் மேசைக்கு அடியில் குனியாமல் அவர்கள் முன்னாலேயே மாற்றுங்கள். வளையம் மூடும் விதத்தை அருகில் நிற்கும் மற்றவர்களும் பார்ப்பார்கள்.