ஓவியத்தில் தோல் நிறம் சாம்பலாகிறதா? வயது காரணமில்லை

48 வயதில் எண்ணெய் வண்ணம் தொடங்கி, மகளின் முகத்தை நான்கு முறை வரைந்தும் தோல் சாம்பல் பூசியதுபோல் வருகிறது, வயதாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வண்ணம் கலக்கும் தட்டில் 12 நிறங்கள் வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, சிக்கல் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையில்தான்.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் தட்டில் நான்கே நிறங்கள்: வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), ஐவரி கறுப்பு. வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பு போதும். நீலம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். முதல் முறை பார்த்தபோது நானே நம்பவில்லை!

வெளிச்சப் பகுதிக்கு வெள்ளையை மட்டும் கூட்டாதீர்கள், சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும். கூடவே துளி மஞ்சளோ சிவப்போ சேருங்கள். காயாத வண்ணத்தின்மேல் திரும்பத் திரும்பத் தேய்த்தாலும் நிறம் சேறாகும். ஒரு தீற்று வைத்தால், சரி, விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது படத்தை பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) வெள்ளையும் மட்டும் வைத்து வரைந்து பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல் எங்கே முடிகிறது என்று பிடியுங்கள். நிழல் சரியாக விழுந்தால், நிறம் கொஞ்சம் தவறினாலும் முகம் நிற்கும்.

அப்புறம், ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கலாம்.