ஸ்டாண்ட் ஆடுவதும் கோடு விலகுவதும்

வணக்கங்க. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினான 24 இஞ்ச் வினைல் கட்டர் ஓடும்போது ஸ்டாண்ட் ஆடுகிறது, நீளமான ஸ்டிக்கரில் வெட்டும் கோடு விலகுகிறது, புது ஸ்டாண்ட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. சேலத்தில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? ஸ்டாண்டின் பின்பக்கம் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு இரும்புப் பட்டை பற்றவைத்தாலே ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். மெஷினைக் கழற்றி இறக்கிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், மறக்காதீர்கள். மெஷின் ஓடும்போது ஸ்டாண்டின் சக்கரங்களையும் பூட்டி வையுங்கள்.

ஆனால் கோடு விலகுவதற்கு எனக்கு வினைல் ரோல் மேல்தான் சந்தேகம். ரோலைத் தாங்கும் கம்பிக்கும் மெஷினுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு முனையிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் வினைல் போகப்போக ஓரமாக ஏறும். அப்புறம், கனமான ரோலை மெஷினே இழுக்கும்படி விடாதீர்கள். வெட்டப்போகும் நீளத்தை முன்கூட்டியே உருவி, பின்னால் தொய்வாகத் தொங்கவிடுங்கள்.