மலை ஏற 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது ஜப்பானில் தயாரான, டர்போ இல்லாத 660 சிசி வெகன் ஆர். கினிகத்தேனை ஏற்றத்தில் இழுவை போதவில்லை. 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: உண்மையன்று, அந்த மேலதிகப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒக்டேன் எண் பெற்றோலில் அடங்கிய சக்தியின் அளவன்று. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டுச் சூடேறும் பெற்றோல் கலவை, பிளக்கின் பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் திறனையே அது குறிக்கிறது. அத்திறன் போதாதபோதுதான் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும் சத்தம் கேட்கும். ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு அந்நாட்டுத் தரநிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 89 ஒக்டேன் என்பதால், அதற்கென அமைந்த உங்கள் எஞ்சினுக்கு நமது 92 தாராளம்.

இழுவை குறைவதற்கு ஏற்றத்தோடு உயரமும் ஒரு காரணம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே உள்ளிழுப்பதால் சக்தி குறைகிறது, ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவதால் தட்டும் இயல்பும் தணிகிறது. எனவே மேலே செல்லச் செல்ல இத்தகைய எஞ்சினின் ஒக்டேன் தேவை இறங்குகிறதே தவிர ஏறுவதில்லை.

டர்போ பூட்டிய கார்களின் கதை வேறு. காற்றை அழுத்தித் திணித்து உயரத்தின் குறையை டர்போ ஈடுசெய்துவிடுவதால், மலை தரும் இந்தச் சலுகை அவற்றுக்குப் பெரிதாகக் கிடைப்பதில்லை. பெற்றோல் தாங்கி மூடியின் உட்புறத்தில் குறைந்தபட்சம் 95 என்று எழுதியிருந்தால், பல ஐரோப்பிய கார்களில் அப்படித்தான் இருக்கும், 95 தான் அடிக்க வேண்டும். அது கிடைக்காத ஊரில் வேறு வழியின்றி 92 அடித்தால், தட்டுதலை உணரும் சென்சரின் உதவியுடன் பொறி சற்றுத் தாமதமாக்கப்பட்டு எஞ்சின் ஓரளவு காப்பாற்றப்படும். ஆனால் இழுவை குறையும், எரிபொருள் செலவு கூடும், பாரத்துடன் மிதித்து ஓட்டவும் கூடாது. அதற்காக டர்போ என்றாலே 95 என்று முடிவுகட்டவும் வேண்டாம்: டொயோட்டா ரைஸின் 1,000 சிசி டர்போ எஞ்சினுக்கு ஜப்பானில் சாதாரண பெற்றோலே விதிக்கப்பட்டுள்ளது.

உங்கள் காரில் முதலில் எயார் பில்டரையும் பிளக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்தான வளைவுகளில் கியரைக் குறைத்து எஞ்சினைச் சற்று வேகமாகச் சுழலவிடுங்கள்.